கண்ணுக்குச் சொட்டு, இருதயத்திற்குச் செய்தி
(லகாட் வட்டாரத்தில் தோட்டப்புற மக்களிடையே ஆற்றப்பட்ட உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், கண்ணில் விடும் ஒரு சொட்டு மருந்தைப் பற்றியது. ஒரு சொட்டைப் பற்றிப் பேசுவதற்கு இத்தனை பேரைக் கூட்ட வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். அந்தச் சொட்டு கண்ணோடு நின்றுவிடுவதில்லை. இருதயத்திற்கும் நுரையீரலுக்கும் அது சென்று சேர்கிறது. இதனை அறியாமையால் நம்மவரில் சிலர் மூச்சுத் திணறுகின்றனர்; சிலர் குளியலறையில் மயங்கி விழுகின்றனர்; இன்னும் சிலர் அஞ்சி மருந்தையே நிறுத்திப் பார்வையை இழக்கின்றனர். ஆகவேதான் இதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம்.

முதலில் ஒரு சொல்லில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் மக்கள் இரத்தக் கொதிப்பைப் 'பிரஷர்' என்பர். கண் டாக்டரும் கண்ணைச் சோதித்துவிட்டு, 'உங்கள் கண்ணில் பிரஷர் கூடியிருக்கிறது' என்று சொல்லுவார். இதனைக் கேட்டவர், 'பிரஷருக்குத்தான் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறோமே, பிறகு கண்ணுக்கு எதற்குத் தனியாகச் சொட்டு?' என்று நினைத்து, அதை விடாமலே இருந்துவிடுகிறார். இது பெருந்தவறு. இரத்தக் கொதிப்பு என்பது இரத்தக் குழாய்களின் உள்ளே இரத்தம் செலுத்தும் அழுத்தம். கண்ணின் அழுத்தமோ கண் உருண்டையின் உள்ளே உள்ள தெளிந்த நீரின் அழுத்தம். ஒன்று கூடினால் மற்றொன்றும் கூட வேண்டும் என்பதில்லை. கையில் பட்டையைக் கட்டி அளந்து பார்த்துக் கண் அழுத்தத்தை அறிய முடியாது. கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் இந்நோயைக் கண் நீரழுத்த நோய் என்றும், கிளகோமா என்றும் அழைக்கின்றனர்.

லகாட்டில் உள்ளவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பூசிங், பாப்பான், மெங்லெம்பு என்று சுற்றிலும் ஈய லம்பங்கள் இருந்த மண் இது. லம்பத்துக் குட்டையில் ஒரு பக்கம் பம்பு நீரை இறைத்துக்கொண்டேயிருக்கும். மறுபக்கம் வாய்க்கால் வழியாக நீர் வடிந்துகொண்டேயிருக்கும். வரத்தும் வடிகாலும் சமமாக இருக்கும் வரையில் குட்டையின் நீர்மட்டம் ஒரே நிலையில் நிற்கும். வாய்க்காலில் மண் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நீர்மட்டம் ஏறும், கரை நெருக்குண்ணும். கண்ணும் இவ்வாறே அமைந்துள்ளது. கருவிழிக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு தசைப்பகுதி, நிமிடத்திற்கு ஏறத்தாழ இரண்டு மைக்ரோலிட்டர் அளவு, அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. கண்ணின் ஓரத்தில் உள்ள நுண்ணிய சல்லடை வழியாக அந்நீர் வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. இது அழும்போது வரும் கண்ணீர் அன்று. கண்ணின் உள்ளேயே சுற்றும் நீர். சல்லடையில் தடை ஏற்பட்டால் உள்ளே அழுத்தம் கூடும். பெரும்பாலோருக்கு அந்த அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்கும். அதற்கு மேல் நெடுநாள் நின்றால் பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சங் கொஞ்சமாக மாயும். சிலருக்கு அழுத்தம் 21-க்குக் கீழே இருக்கும்போதே நரம்பு கெடுவதும் உண்டு. ஆதலின் டாக்டர்கள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, நரம்பையும் பார்க்கின்றனர்.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. பெரும்பாலான வகையில் வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதல் இல்லை. பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துகொண்டு வரும். நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருப்பதால், நாளிதழ் படிப்பவரும் ஊசியில் நூல் கோப்பவரும் தமக்கு ஒரு குறையும் இல்லை என்றே எண்ணியிருப்பர். கண்புரையில் போன பார்வை அறுவைச் சிகிச்சையால் மீளும். இந்நோயில் போன பார்வை மீளாது. இருப்பதைக் காப்பாற்றுவதற்கே மருந்து. தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் மாவட்டங்கள் மூன்றில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரைச் சோதித்து, 2003-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு இரண்டரைப் பேருக்குச் சற்று அதிகமானோரிடம் இந்நோய் காணப்பட்டது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், அன்று வரை தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். நம் முன்னோர் பலர் அந்தப் பக்கங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

கண் கடுமையாக வலித்து, சிவந்து, வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது வேறு வகை. அப்போது மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி மருந்துக்கு வருவோம். நாம் அஞ்சும்போதும் ஓடும்போதும் உடலில் அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சுக் குழல் விரிகிறது. ஒரு சாவி பல பூட்டுகளில் நுழைவதுபோல, அந்தச் சுரப்புநீர் பல உறுப்புகளில் உள்ள நுண்ணிய பூட்டுகளில் பொருந்தி வேலை செய்கிறது. இந்தப் பூட்டுகள் ஆல்பா, பீட்டா என இருவகை என்று அமெரிக்கரான ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948-இல் எழுதினார். பீட்டாப் பூட்டை அடைத்துவிட்டால் இருதயம் மெதுவாக, அதிகச் சிரமமின்றி இயங்கும் என்று கருதி, அதற்கான மருந்தை உருவாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் ஆவார்.

இவருக்கும் நம் பக்கத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. பிளாக்கின் தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்தவர். மருத்துவம் படித்து முடித்த மகன், சேர்ந்துவிட்ட கடனை அடைக்க வேண்டி, 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் உடலியல் கற்பித்தார். அக்கல்லூரி 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. மலாயா நாட்டு மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொன்ன இளைஞர்தான் பின்னர் இங்கிலாந்தில் புரோப்ரனோலோல் என்னும் முதல் பெரும் பீட்டா தடுப்பு மருந்தை 1964-இல் வெளிக்கொணர்ந்தார். 1988-இல் நோபல் பரிசும் பெற்றார். நெஞ்சுவலிக்கென்று தோன்றிய அம்மருந்து இரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்பதை லண்டனில் பிரையன் பிரிச்சர்ட் என்ற மருத்துவர் கண்டு சொன்னார். அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல், பிசோப்ரோலோல் என்பன எல்லாம் அதே குடும்பத்தின் பிள்ளைகள். உங்கள் மாத்திரைப் பெயர் 'லோல்' என்று முடிந்தால் அது பெரும்பாலும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணில் நீரை இறைக்கும் பம்பு உண்டென்றோமே, அதிலும் பீட்டாப் பூட்டுகள் இருக்கின்றன. புரோப்ரனோலோலை ஊசி மூலம் செலுத்தினால் கண் அழுத்தமும் குறைகிறது என்பது 1967-இல் தெரியவந்தது. ஆயினும் அதைச் சொட்டாகக் கண்ணில் விட்டால் கருவிழி மரத்துப் போயிற்று. தூசி விழுந்தாலும் தெரியாத கண் ஆபத்தானது. மரத்துப் போகச் செய்யாத டிமோலோல் என்ற மருந்து வந்த பின்னரே வழி பிறந்தது. 1978-இல் அமெரிக்க அரசு அதைக் கண் மருந்தாக ஏற்றது. அடைத்த வாய்க்காலை இம்மருந்து திறப்பதில்லை. பம்பின் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதனால் அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. மலிவானது, எரிச்சல் குறைந்தது, நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ விட்டால் போதும். இத்தனை நலன் உள்ள மருந்து என்பதால்தான் இன்றும் அது உலகெங்கும் பயன்படுகிறது. 1990-களில் வேறு வகைச் சொட்டுகள் வந்து முதலிடத்தைப் பிடித்துக்கொண்ட போதிலும், டிமோலோல் ஓரங்கட்டப்படவில்லை. இரு மருந்து கலந்த புட்டிகள் பலவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கிறது. புட்டியின் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே டிமோலோல் இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இக்குடும்பத்தில் ஒரு தீய பிள்ளையும் பிறந்ததுண்டு. பிராக்டோலோல் என்னும் மாத்திரை 1970-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில், அதை உண்டவர் சிலருக்குக் கண்ணீர் வற்றிக் கருவிழி வடுப்பட்டுப் பார்வையே போயிற்று. 1970-களின் நடுவில் அம்மாத்திரை விலக்கப்பட்டது. வாய்வழி உண்ட இருதய மருந்து கண்ணைக் கெடுக்க முடியும் என்றால், கண்ணில் விட்ட மருந்து இருதயத்தைத் தொட முடியாதா?

தொடத்தான் செய்கிறது. சொட்டு விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் ஒரு கசப்பை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். கண்ணின் உள்மூலையில் ஒரு சிறு துளை உண்டு. அங்கிருந்து மூக்கிற்கு ஒரு வடிகால் இறங்குகிறது. அழுதால் மூக்கொழுகுவதும் அதனால்தான். கண்ணில் தங்க முடியாத மருந்து அவ்வழியே மூக்கில் இறங்கி, அங்குள்ள மெல்லிய தோலின் வழியாக நேரே இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கிய மாத்திரையை ஈரல் முதலில் வடிகட்டி ஒரு பகுதியை அழித்துவிடும். மூக்கு வழியே போன மருந்துக்கு அந்தக் காவல் இல்லை. ஆகையால் அளவில் சிறிதாயினும் வேலையில் சிறிதன்று.

இதனால் முதலில் துன்புறுவது மூச்சு. இழுப்பு நோய் உள்ளவருக்கு மூச்சுக் குழலைத் திறந்து வைப்பவை பீட்டாப் பூட்டுகளே. டிமோலோல் அவற்றை அடைக்கிறது, குழல் சுருங்குகிறது. இன்னும் கொடுமை என்னவென்றால், இழுப்பு வந்தவுடன் வாயில் அடிக்கும் நீல நிறப் பம்பு மருந்து திறக்க முயல்வதும் அதே பூட்டைத்தான். பூட்டு அடைபட்டுக் கிடந்தால் பம்பு எப்படி வேலை செய்யும்? 1978-க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் இவ்வாறு பல நூறு பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டதும், மரணங்கள் நேர்ந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் முன்பே மூச்சு நோயோ இருதய நோயோ உடையவர்கள். முன்னர் இழுப்பே இல்லாத முதியவர்கள் சிலருக்கும் இச்சொட்டால் மூச்சுக் கோளாறு தோன்றுகிறது என்று 2002-இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டிற்று. இச்சொட்டைத் தொடங்கும் 55 பேருக்கு ஒருவர் வீதம் ஓராண்டுக்குள் புதிதாக மூச்சு மருந்து தேவைப்படுவோர் ஆகின்றனர் என்பது அதன் கணக்கு. வயதாகிவிட்டது, மலையேறினால் மூச்சு வாங்கத்தானே செய்யும் என்று நாம் தள்ளிவிடுவதில் சில, உண்மையில் சொட்டின் வேலையாக இருக்கலாம். ஆண்டுக்கணக்காகப் புகைத்து நெஞ்சு அடைத்துப் போன ஆண்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

அடுத்தது இருதயம். இங்குதான் இரத்தக் கொதிப்பு மாத்திரை குறுக்கிடுகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் பத்தில் மூவருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. வயது கூடக் கூட இவ்விகிதமும் கூடும். கண் நீரழுத்த நோயும் வயதானவர்களையே நாடுகிறது. ஆகவே இரண்டு நோயும் ஒருவரிடமே குடிகொள்வது வியப்பன்று. தோட்டத்தில் பால் வெட்டிய தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கிறது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. வெட்டியவர்கள் மாத்திரைப் பைகளோடு இருக்கின்றனர்.

ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். இரத்தக் கொதிப்புக்கு வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் அட்டெனோலோல் வாங்குகிறார். கண்ணுக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் பேருந்திலோ மகன் காரிலோ ஜாலான் லகாட் வழியே போகிறார். அங்கே டிமோலோல் தருகிறார்கள். 'பாட்டி, வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?' என்று டாக்டர் கேட்கிறார். 'பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் டாக்டரம்மா' என்று பாட்டி சொல்லுகிறார். எந்தப் பிரஷர் மாத்திரை? வெள்ளை மாத்திரை! கிளினிக்கில் மிஸ்ஸி கேட்கும்போதோ, சொட்டு மருந்தைப் பாட்டி மருந்தாகவே எண்ணுவதில்லை. 'கண்ணுக்கு என்னவோ விடுகிறேன்' என்று கூடச் சொல்வதில்லை. இரு டாக்டர்களும் தத்தம் அளவில் சரியான மருந்தையே தந்துள்ளனர். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து என்பது மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை. இருதயத்தை மெதுவாக்கும் வேலையை இரண்டும் சேர்ந்து செய்கின்றன. நாடி 50-க்குக் கீழே இறங்குகிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. ஒருநாள் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. வீட்டார் எலும்பைப் பற்றியே கவலைப்படுகின்றனர். சொட்டை எவரும் நினைப்பதில்லை. வெரபாமில் என்னும் மாத்திரை உண்பவருக்கு இச்சொட்டு இன்னும் அபாயம் மிக்கது.

இதில் வேறொரு நுட்பமும் உண்டு. பீட்டா தடுப்பு மாத்திரையை நெடுநாள் உண்பவருக்குக் கண் அழுத்தமும் ஓரளவு குறைந்தே இருக்கும். சோதிக்கும் டாக்டருக்கு அந்த எண் நல்லதாகத் தோன்றும். மறைந்திருக்கும் நோய் தப்பிவிடலாம். அப்படிப்பட்டவருக்கு டிமோலோல் விட்டாலும் எதிர்பார்த்த அளவு பலன் கிடைப்பதில்லை. பூட்டு முன்பே அடைபட்டிருக்கையில் மேலும் ஒரு சாவி எதற்கு? இந்நிலையில் வேறு வகைச் சொட்டே பொருத்தம். அதனைத் தீர்மானிக்க டாக்டருக்கு மாத்திரையின் பெயர் தெரிந்தாக வேண்டும்.

இரவு நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். உறக்கத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே தாழும். படுக்கப் போகும்போது வலிமையான மாத்திரை உண்டால் அது மிகவும் தாழ்ந்து, பார்வை நரம்புக்குப் போகும் இரத்தம் குறையக்கூடும் என்று கண் மருத்துவர்கள் கவலைப்படுகின்றனர். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். கண் நோய் இருப்பதைச் சொல்லி, எந்த நேரத்தில் உண்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அதே 2019 ஆய்வில், இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. எனவே இங்கு அமர்ந்திருப்போரில் பலர் இதில் அடங்குவர். மருந்தின் மிகுதியாலோ உணவு தாமதித்ததாலோ இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் நம்மை எச்சரிக்கின்றன. பீட்டா தடுப்பு மருந்து அந்த எச்சரிக்கையை அடக்கிவிடும். வியர்வை மட்டும் நிற்காது. ஆகவே, காரணமின்றி வியர்த்துக் கொட்டினால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள்.

இவ்வளவும் கேட்டபின், வீட்டுக்குப் போய்ச் சொட்டுப் புட்டியைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். அதுவே இப்பேச்சினால் விளையக்கூடிய பெருங்கேடாகும். பெரும்பாலோருக்கு இம்மருந்து தீங்கின்றிப் பார்வையைக் காக்கிறது. மாத்திரையையும் திடீரென நிறுத்தலாகாது. பீட்டா தடுப்பு மாத்திரையை ஒரே நாளில் விட்டால், அடக்கி வைத்திருந்த இருதயம் துள்ளி எழுந்து நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட நேரலாம். நிறுத்த வேண்டுமானால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். சொட்டு விட்ட பின் இழுப்பு வந்தாலோ மயக்கம் வந்தாலோ மட்டும் அடுத்த வேளைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மாற்று மருந்து இல்லாமல் இல்லை. இழுப்பு நோயாளிக்கென்றே பொருந்தும் சொட்டுகள் இருக்கின்றன.

நாம் செய்ய வேண்டியது கடினமானதன்று. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், சொட்டுப் புட்டியும் பம்பும் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். மருந்தின் நிறத்தைச் சொல்வதைவிடப் பெட்டியை நீட்டுவது மேல். இழுப்பு எப்போதோ சிறு வயதில் வந்து போயிருந்தாலும் அதனைச் சொல்ல வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கண் நீரழுத்த நோய் இருந்தால், நாற்பது வயதானதும் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வருவது இந்நோயில் அதிகம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பேரப்பிள்ளைகள் மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பையிலேயே வைத்துவிடலாம். தேர்வுக்கு எழுதுகிற பிள்ளைகளுக்கு இது ஒரு பாரமா என்ன?

மருந்து விடும் முறையிலும் பாதி நன்மை இருக்கிறது. கைகளைக் கழுவிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்து, அந்தக் குழிவில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். இரண்டாம் சொட்டு கண்ணில் தங்காது. கன்னத்திற்கும் மூக்கிற்கும்தான் போகும். புட்டியின் நுனி இமையில் படலாகாது. உடனே கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை ஒரு விரலால் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். வடிகால் அடைபடுகிறது, மருந்து கண்ணிலேயே தங்குகிறது, இருதயத்திற்குப் போவது வெகுவாகக் குறைகிறது. கண்ணை இறுக்கிச் சிமிட்டினால் பயன் கெடும். வேறு சொட்டும் விட வேண்டியிருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து விடுங்கள். திறந்த புட்டியை நான்கு வாரத்திற்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

மருந்துப் பையைக் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் சற்று முன்னால் வந்து அமருங்கள். விரலை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொருவருக்கும் காட்டுகின்றோம்; 'லோல்' என்று முடியும் மாத்திரை உங்கள் பையில் உண்டா என்பதையும் சேர்ந்தே பார்த்துவிடுவோம்.